வாசகர் கேள்வி – பதில்: பொதுப்பணத்தின் கணக்கைத் திறந்து வைத்த நைஜீரியப் பொருளியலாளர்

உலக வர்த்தக அமைப்பின் பணிப்பாளர் நாயகம், நைஜீரியாவைச் சேர்ந்த கலாநிதி ஙோசி ஒகோன்ஜோ-இவேலா பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டிருந்தோம். அவர் 2025 செப்ரெம்பர் 1 முதல் இரண்டாவது தவணையாக அப்பதவியில் தொடர்கிறார் என்பதையும் சிறுவயதில் போருக்குள் வாழ்ந்தவர் என்பதையும் மட்டுமே அக்குறிப்புச் சொன்னது. அதைப் படித்த வன்னி வாசகர்கள் பலர் கேள்விகளை அனுப்பியிருப்பதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: அவர் போருக்குள் வாழ்ந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அது எந்தப் போர்? அதற்குப் பின் எப்படிப் படித்தார்?
– உயர்தர வணிகப் பிரிவு மாணவி, தருமபுரம்

பதில்: அது 1967 ஜூலையில் தொடங்கி 1970 ஜனவரியில் முடிந்த பியாஃப்ராப் போர். நைஜீரியாவின் கிழக்குப் பகுதி, பெரும்பாலும் இக்போ மக்கள் வாழ்ந்த பகுதி, பியாஃப்ரா என்ற பெயரில் தனிநாடாகப் பிரகடனம் செய்தது. நைஜீரிய இராணுவம் அதைச் சுற்றி வளைத்து, உணவும் மருந்தும் உள்ளே போகாதபடி வழிகளை அடைத்தது. முப்பது மாதங்களில் பத்து இலட்சம் தொடக்கம் முப்பது இலட்சம் வரையான மக்கள் இறந்தனர் என மதிப்பிடப்படுகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் பட்டினியாலும் நோயாலும் மடிந்தனர்; அதிலும் குழந்தைகளே அதிகம்.

ஒகோன்ஜோ-இவேலா 1954 ஜூன் 13 ஆம் திகதி ஒகுவாஷி-உக்வூ என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் புலமைப்பரிசில் பெற்று ஜேர்மனியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஏறத்தாழ ஒன்பது வயது வரை பாட்டியாரிடம் வளர்ந்தார். தண்ணீர் சுமப்பதும் விறகு பொறுக்குவதும் பாட்டியாருடன் தோட்டத்துக்குப் போவதும் அந்த வளர்ப்பில் அடங்கும். போர் வந்தபோது தந்தையார் பியாஃப்ராப் படையில் பணியாற்றினார். குடும்பம் சேமிப்பு முழுவதையும் இழந்து, ஒரு நாளைக்கு ஒரு வேளை உணவுடன் இடத்துக்கு இடம் மாறியது. மூன்று வயதுத் தங்கைக்கு மலேரியாக் காய்ச்சல் கடுமையானபோது தாயாரும் நோயுற்றிருந்தார், தந்தையார் போர்முனையில் இருந்தார். ஆகவே இவரே தங்கையை முதுகில் கட்டிக்கொண்டு, ஒரு தேவாலயத்தில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த வைத்தியரைத் தேடிப் பல கிலோமீற்றர் நடந்தார். வாசலை மொய்த்து நின்ற பெருங்கூட்டத்தின் கால்களுக்கிடையே ஊர்ந்து சென்று, யன்னல் வழியாக ஏறி உள்ளே இறங்கினார். ஊசி மருந்தும் உடலுக்கு நீரும் ஏற்றப்பட்டுச் சில மணி நேரத்தில் குழந்தை பிழைத்துக்கொண்டது. இந்நிகழ்ச்சியை அவரே பொதுமேடையில் விவரித்திருக்கிறார்.

2009 இன் முதல் மாதங்களை இம்மண்ணில் கடந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். துன்பம் அவரை உயர்த்தியது என்று இக்கதையிலிருந்து எவரும் முடிவு செய்துவிடக் கூடாது. அவருடைய தந்தையார் பொருளியல் பேராசிரியர், தாயார் சமூகவியல் பேராசிரியர். போர் முடிந்ததும் இபாடான் நகரில் நல்ல பாடசாலைகள் அவருக்குத் திறந்திருந்தன. 1973 இல் ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்று, 1976 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பொருளியலில் சிறப்புத் தேர்ச்சியுடன் பட்டம் பெற்றார். 1981 இல் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதே போரில் அவரைப் போலவே அறிவுடைய எத்தனையோ பிள்ளைகள் யன்னலுக்கு வெளியே நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு பாடசாலைக் கதவும் திறக்கவில்லை. கலாநிதிப் பட்டத்துக்கு அவர் ஆராய்ந்த விடயம் நைஜீரியாவின் கடன் கொள்கையும் கிராமிய நிதிச் சந்தையும் விவசாய வளர்ச்சியும் ஆகும். விதைப்புக் காலத்தில் யாரிடம், எந்த வட்டிக்குக் கடன் வாங்குவது என்று கணக்குப் பார்க்கும் நம் விவசாயிகளுக்கு இது அந்நியமான ஆராய்ச்சி அன்று.

கேள்வி: உலக வங்கியில் இருபத்தைந்து ஆண்டுகள் வேலை செய்தவர் என்று அறிகிறேன். வறிய நாடுகளுக்கு நிபந்தனை விதிக்கும் நிறுவனம் என்றே அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். அங்கிருந்து வந்தவர் தம் நாட்டுக்கு என்ன செய்தார்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மாங்குளம்

பதில்: 1980களின் தொடக்கத்தில் உலக வங்கியில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தார். 2007 இன் இறுதி முதல் 2011 வரை அதன் முகாமைத்துவப் பணிப்பாளர்களுள் ஒருவராக இருந்தார். மிக வறிய நாடுகளுக்குச் சலுகைக் கடனும் நன்கொடையும் வழங்கும் சர்வதேச அபிவிருத்திச் சங்கத்துக்காக 2010 இல் 49.3 பில்லியன் டொலர் திரட்டப்பட்ட பேச்சுவார்த்தைகளுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. உலக வங்கி பற்றிய தங்கள் ஐயம் நியாயமானது. 1980களில் ஆபிரிக்காவில் கட்டமைப்புச் சீராக்கம் என்ற பெயரில் பாடசாலைக்கும் சுகாதாரத்துக்குமான செலவுகள் குறைக்கப்பட்டன. அந்தக் காயம் இன்னும் அங்கே பேசப்படுகிறது.

ஆனால் அவருடைய வாழ்க்கைப்பணியின் மையம் வொஷிங்டனில் இல்லை என்பது எமது கருத்து. அது நைஜீரிய நிதி அமைச்சில் இருக்கிறது. ஜனாதிபதி ஒலுசெகுன் ஒபசாஞ்சோவின் அழைப்பின் பேரில் 2003 இல் அந்நாட்டின் முதலாவது பெண் நிதி அமைச்சரானார். நைஜீரியாவில் 36 மாநிலங்களும் 774 உள்ளூராட்சிப் பிரிவுகளும் உள்ளன. எண்ணெய் வருமானம் மத்திக்கு வந்து, அங்கிருந்து மாதந்தோறும் இவற்றுக்குப் பகிரப்படுகிறது. எந்த மாநிலத்துக்கு எவ்வளவு போகிறது என்பது ஆளுநர்களுக்கும் அதிகாரிகளுக்கும் மட்டுமே தெரிந்த செய்தியாக இருந்தது. 2004 முதல் அந்தத் தொகைகளை மாதந்தோறும் நாளிதழ்களில் வெளியிட வைத்தார். அதற்குப் பின் ஊர் மக்கள், தம் உள்ளூராட்சிப் பிரிவுக்கு இத்தனை நைரா வந்திருக்கிறது, அப்படியானால் மருத்துவ நிலையத்துக்கு ஏன் கூரையில்லை என்று தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்க முடிந்தது. ஆளுநர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை.

மற்றொரு வேலை, எண்ணெய் விலை ஏறும்போது செலவை ஏற்றிவிட்டு, விலை இறங்கும்போது கடன் வாங்கும் பழக்கத்தைக் கட்டுப்படுத்தியது. வரவுசெலவுத் திட்டத்தை விழிப்பான ஒரு குறைந்த விலையை வைத்துத் தயாரித்து, அதற்கு மேல் கிடைத்ததைத் தனிக் கணக்கில் சேமிக்கச் செய்தார். முன்னாள் இராணுவ ஆட்சியாளர் சனி அபாச்சா கொள்ளையிட்டுச் சுவிற்சர்லாந்து வங்கிகளில் வைத்திருந்த பணத்தில் ஏறத்தாழ 500 மில்லியன் டொலரை மீட்டெடுத்த முயற்சியிலும் அவர் முன்னின்றார்.

கேள்வி: நைஜீரியாவின் கடனை அவர் தள்ளுபடி செய்வித்தார் என்கிறார்கள். இலங்கையும் 2022 இல் கடன் கட்ட முடியாமல் நின்றது. எங்களுக்கு ஏன் அப்படி ஒரு தள்ளுபடி கிடைக்கவில்லை?
– பலநோக்குக் கூட்டுறவுச் சங்கப் பணியாளர், கிளிநொச்சி

பதில்: நைஜீரியா பரிஸ் கழகம் எனப்படும் கடன் வழங்கிய அரசுகளின் குழுவுக்கு ஏறத்தாழ 30 பில்லியன் டொலர் செலுத்த வேண்டியிருந்தது. 1980களில் எண்ணெய் விலை விழுந்து தவணைகள் தவறியதால், முதலோடு நிலுவை வட்டியும் தண்டப்பணமும் ஏறிக்கொண்டே போன கடன் அது. 2005 ஒக்ரோபரில் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி 18 பில்லியன் டொலர் நீக்கப்பட்டது. எஞ்சிய 12 பில்லியனுக்கு மேற்பட்ட தொகையை நைஜீரியா 2006 ஏப்ரலுக்குள் ரொக்கமாகச் செலுத்தி அந்தக் கணக்கை மூடியது.

இது எப்படிக் கைகூடியது என்பதே கவனிக்க வேண்டியது. அவர் முதலில் செய்த வேலை, நாடு யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பதைச் சரியாக எழுதுவது. 2000 ஆம் ஆண்டிலேயே, அமைச்சராகும் முன்னரே, கடன் முகாமைத்துவ அலுவலகம் ஒன்றை நிறுவ உதவியிருந்தார். அதுவரை அந்தக் கணக்கு பல திணைக்களங்களில் சிதறிக் கிடந்தது. இரண்டாவதாக, நைஜீரியா சர்வதேச நாணய நிதியத்திடம் புதிய கடன் வாங்காமல், தானே வகுத்த சீர்திருத்தத் திட்டத்தை அந்நிதியம் மதிப்பிட்டுச் சான்று வழங்கும் ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டது. மூன்றாவதாக, எண்ணெய் விலை ஏறியிருந்ததாலும் உயர்ந்த வருமானத்தைச் சேமித்திருந்ததாலும் செலுத்துவதற்குக் கையில் பணம் இருந்தது. மருத்துவமனைகள் வெறுமையாகக் கிடந்த நாடு செல்வந்த நாடுகளுக்கு 12 பில்லியன் டொலரை ஒரேயடியாகக் கொடுக்கலாமா என்று அன்று கேட்டவர்கள் இருந்தார்கள். அக்கேள்வியில் வலிமை உண்டு. ஆனால் கொடுக்காதிருந்தால் தண்டப்பணம் மேலும் வளர்ந்திருக்கும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இலங்கையின் நிலை வேறு. 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக அறிவித்தபோது கையிருப்பில் டொலர் இல்லை. கடன் கொடுத்தவர்களில் ஒரு பெரும் பகுதியினர் அரசுகள் அல்லர், பிணைமுறி வாங்கிய தனியார் முதலீட்டாளர்கள். மிகப் பெரிய அரச கடன் வழங்குநரான சீனா பரிஸ் கழகத்தில் உறுப்பினர் அன்று. ஆகவே சீனா, ஏனைய அரசுகள், பிணைமுறியாளர்கள் என மூன்று தரப்பினருடன் தனித்தனியே பேச வேண்டியிருந்தது. 2024 ஜூனில் அரசுகளுடன் எட்டிய உடன்பாட்டில் முதல் குறைக்கப்படவில்லை; காலம் நீட்டப்பட்டது, வட்டி குறைக்கப்பட்டது. பிணைமுறியாளர்கள் மட்டும் முதல் தொகையில் 27 வீதத்தை விட்டுக்கொடுக்க 2024 இறுதியில் இணங்கினார்கள். நைஜீரியாவுக்குக் கிடைத்தது போன்ற நேரடித் தள்ளுபடியை ஒரு திறமையான அமைச்சர் இருந்திருந்தால் நாமும் பெற்றிருப்போம் என்று சொல்வது பொருந்தாது. கணக்கை முன்கூட்டியே ஒழுங்காகவும் பகிரங்கமாகவும் வைத்திருந்தால் இவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்க மாட்டோம் என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

கேள்வி: இப்படிப்பட்டவரைத் தம் நாட்டு மக்களே எதிர்த்தார்கள் என்று படித்தேன். எரிபொருள் மானியத்தை நிறுத்தியவரும் இவர்தானே? 2022 இல் வரிசையில் நின்றவன் என்ற முறையில் கேட்கிறேன்.
– முச்சக்கரவண்டிச் சாரதி, விசுவமடு

பதில்: ஆம். 2011 இல் ஜனாதிபதி குட்லக் ஜொனதனின் ஆட்சியில் மீண்டும் நிதி அமைச்சரானார். 2012 ஜனவரி 1 ஆம் திகதி பெற்றோல் மானியம் திடீரென நீக்கப்பட்டது. லீற்றருக்கு 65 நைராவாக இருந்த விலை ஒரே நாளில் இரண்டு மடங்குக்கும் மேலாயிற்று. நாடு தழுவிய வேலைநிறுத்தமும் பெரும் ஆர்ப்பாட்டங்களும் நடந்தன, உயிர்களும் போயின. ஏறத்தாழ இரண்டு வாரங்களில் அரசு பின்வாங்கி விலையை 97 நைராவாக்கியது. மானியத்தின் பெரும் பகுதி ஏழைகளுக்கன்றி, இறக்குமதி செய்யாத எண்ணெய்க்கும் பற்றுச்சீட்டுக் காட்டிய வர்த்தகர்களுக்கே போகிறது என்பது அவருடைய வாதம். இத்தகைய பெரும் மோசடிகள் நடந்ததைப் பின்னர் நடந்த விசாரணைகள் காட்டின. ஆயினும் மக்களின் கோபமும் தவறன்று. அவர்கள் அரசிடமிருந்து கண்ணால் கண்ட ஒரே நன்மை அதுவாக இருந்தது. திருடியவர்களைப் பிடிப்பதற்கு முன், பேருந்துக் கட்டணம் கட்ட முடியாதவரின் மீது சுமையை ஏற்றியது முறைமாறிய செயல் என்றே நாம் கருதுகிறோம்.

அதன் பின் பொய்யான பற்றுச்சீட்டுகளுக்குப் பணம் கொடுக்க அவர் மறுத்தார். 2012 டிசம்பரில் எண்பது வயதைக் கடந்த அவருடைய தாயார் கடத்தப்பட்டார். மகள் தொலைக்காட்சியில் தோன்றிப் பதவி விலகலை அறிவிக்க வேண்டும் என்பது கடத்தியவர்கள் விதித்த நிபந்தனை. அவர் விலகவில்லை. சில நாட்களில் தாயார் உயிருடன் மீண்டார். அந்த நாட்களில் ஒரு மகளாக அவர் என்ன பட்டிருப்பார் என்பதை, காணாமற்போனவர்களுக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் நிறைந்த இந்த மண்ணில் எவரும் உணர்வர்.

அவருடைய இரண்டாவது பதவிக்காலத்தை முதலாவதைப் போல வெற்றியாகக் கொள்ள முடியாது. எண்ணெய் வருமானத்தில் 20 பில்லியன் டொலர் அரச கணக்குக்கு வந்து சேரவில்லை என்று மத்திய வங்கி ஆளுநர் லமிடோ சனுசி குற்றஞ்சாட்டினார். 2014 பெப்ரவரியில் அவரையே ஜனாதிபதி இடைநிறுத்தினார். ஒகோன்ஜோ-இவேலா தடயவியல் கணக்காய்வைக் கோரினார். ஆயினும் அரசில் தொடர்ந்து இருந்தார். சேமிப்புக் கணக்கில் இருந்ததை மாநில ஆளுநர்கள் பங்கிட்டுக்கொள்ள வற்புறுத்தியதைத் தடுக்கவும் அவரால் முடியவில்லை. 2014 இன் நடுப்பகுதியில் எண்ணெய் விலை சரிந்தபோது நாட்டிடம் போதிய சேமிப்பு இருக்கவில்லை.

கேள்வி: பிள்ளைகளின் தடுப்பூசிகளோடும் அவருக்குத் தொடர்புண்டா?
– குடும்பநல உத்தியோகத்தர், மல்லாவி

பதில்: உண்டு. வறிய நாடுகளுக்குத் தடுப்பூசி கிடைக்கச் செய்யும் காவி கூட்டமைப்பின் ஆளுநர் சபைக்கு 2016 முதல் 2020 வரை தலைவராக இருந்தார். கொவிட் காலத்தில் இலங்கைக்கும் தடுப்பூசி அனுப்பிய கோவாக்ஸ் ஏற்பாடு உருவானபோது அப்பொறுப்பில் இருந்தவர் அவரே.

கேள்வி: உலக வர்த்தக அமைப்பில் மீன்பிடி பற்றி அவர் ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தார் என்று வானொலியில் கேட்டோம். எங்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போகும் இந்திய இழுவைப் படகுகளை அது நிறுத்துமா?
– கடற்றொழிலாளர், முல்லைத்தீவு

பதில்: நேரடியாக நிறுத்தாது. ஆனால் தங்கள் தொழிலோடு மிக நெருங்கிய ஒப்பந்தம் அது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

அரசுகள் மீன்பிடிக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 35 பில்லியன் டொலர் மானியம் கொடுக்கின்றன எனவும், அதில் ஏறத்தாழ 22 பில்லியன் மீன்வளத்தை அழிக்கும் வகையில் போகிறது எனவும் ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். மலிவான எரிபொருளும் பெரிய படகுக்கான உதவியும் இல்லாவிட்டால் நட்டத்தில் முடியும் பயணங்கள், அவை இருப்பதால் இலாபமாகின்றன. இதைக் கட்டுப்படுத்தும் பேச்சு 2001 இல் டோகாவில் தொடங்கி இருபது ஆண்டுகள் இழுபட்டது. 2021 மார்ச் 1 ஆம் திகதி அவர் பதவியேற்றபோது அந்த அமைப்பு எதையும் முடிக்க இயலாத அமைப்பு என்ற பெயரோடு இருந்தது. 2022 ஜூனில் ஜெனீவாவில் அமைச்சர்கள் கூடியபோது, திட்டமிட்ட நாட்களுக்கு மேல் இரவிரவாகப் பேச்சை நீடித்து, 17 ஆம் திகதி அதிகாலையில் உடன்பாடு காணச் செய்தார். உறுப்பு நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 111 நாடுகள், ஏற்றுக்கொண்ட பின் 2025 செப்ரெம்பர் 15 ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது.

சட்டவிரோதமாக மீன் பிடிக்கும் படகுகளுக்கும், அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டு அருகிவரும் மீன் இனங்களைப் பிடிப்பதற்கும், எந்த ஒழுங்குக்கும் உட்படாத ஆழ்கடல் மீன்பிடிக்கும் மானியம் கொடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். இலங்கை 2017 இல் சட்டத் திருத்தத்தின் மூலம் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தது. தமிழ்நாட்டில் விசைப்படகுகளுக்கு வரிவிலக்களித்த டீசல் வழங்கப்படுகிறது. ஒரு கரையோர நாடு தன் கடலில் ஒரு படகு சட்டவிரோதமாகப் பிடித்தது என்று முறைப்படி தீர்மானித்தால், அந்தப் படகுக்கு மானியம் கொடுக்கும் நாடு அதை நிறுத்த வேண்டிய கடப்பாடு இவ்வொப்பந்தத்தில் இருக்கிறது. ஆனால் அது ஒப்பந்தத்தை ஏற்ற நாடுகளை மட்டுமே கட்டுப்படுத்தும். வளர்முக நாடுகளுக்குச் சலுகைக் காலமும் உண்டு. ஒவ்வொரு சம்பவத்தையும் உரிய முறையில் பதிவுசெய்து தீர்மானம் எடுக்கும் வேலையை இலங்கை அரசு செய்யாவிட்டால், அந்த வாசகம் தாளிலேயே இருக்கும். அளவுக்கு மீறிய படகுத் தொகையை ஊக்குவிக்கும் மானியங்களைத் தடுக்கும் இரண்டாம் கட்டப் பேச்சு 2024 இல் அபுதாபியில் முடிவின்றிக் கலைந்தது. தங்களுக்கு மிகவும் வேண்டிய பகுதி அதுவே.

எனவே வலை அறுந்தால் சங்கத்தில் சொல்வதோடு நிற்காமல், திகதி, நேரம், இடம், படகின் இலக்கம் அல்லது நிறம், இழப்பு ஆகியவற்றை எழுத்தில் கடற்றொழில் திணைக்களத்திடம் கொடுத்துப் பிரதியைக் கையில் வைத்திருங்கள்.

கேள்வி: அவ்வளவு பெரிய பதவியில் இருப்பவர் ஒரு நாட்டுக்கு உத்தரவிட முடியாதா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: முடியாது. 166 உறுப்பினர்களும் இணங்கினாலே அங்கு தீர்மானம். அவருடைய நியமனமே அதற்குச் சான்று. 2020 ஒக்ரோபரில் பெரும்பாலான நாடுகளின் ஆதரவு அவருக்கே என்று தெரிந்த பின்னும், ஐக்கிய அமெரிக்கா மட்டும் மறுத்ததால் அந்நாட்டில் ஆட்சி மாறும் வரை காத்திருந்து, 2021 பெப்ரவரி 15 ஆம் திகதியே தெரிவானார். அப்பதவிக்கு வந்த முதல் பெண்ணும் முதல் ஆபிரிக்கரும் அவரே. வர்த்தகப் பிணக்குகளின் மேன்முறையீட்டுச் சபை 2019 டிசம்பர் முதல் போதிய நீதிபதிகள் இன்றி முடங்கியிருக்கிறது. அதை அவரால் இன்னும் இயங்கச் செய்ய முடியவில்லை.

கேள்வி: நானும் பொருளியல் படிக்க விரும்புகிறேன். வன்னியில் இருந்துகொண்டு இத்துறையில் எதைத் தொடங்கலாம்?
– உயர்தர மாணவர், புதுக்குடியிருப்பு

பதில்: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பொருளியலைச் சிறப்புப் பாடமாகக் கற்கலாம். 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் வணிகக் கற்கைகள் இருக்கின்றன. எப்பாதையில் போனாலும் கணிதத்தையும் புள்ளிவிபரவியலையும் ஆங்கிலத்தையும் கைவிடாதீர்கள். பொருளியலை மனப்பாடம் செய்து சித்தியடைந்து, பின்னர் ஒரு வரவுசெலவு அட்டவணையைப் பார்த்துத் திகைத்து நிற்கும் பட்டதாரிகள் நம்மிடையே அதிகம்.

படிக்கும்போதே செய்யக்கூடிய பயிற்சி ஒன்றும் உண்டு. நைஜீரியாவில் நாளிதழில் வந்த தொகைகளை இங்கு நீங்களே கேட்டுப் பெறலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, உங்கள் பிரதேச சபையின் தகவல் அலுவலரிடம், கடந்த ஆண்டு உங்கள் வட்டாரத்து வீதிக்கும் வாய்க்காலுக்கும் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது, ஒப்பந்தம் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று தமிழில் எழுதிக் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை உங்களுக்கு அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பின் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். கிடைத்த கணக்கை அந்த வீதியில் நடந்து பார்த்து ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் குறித்து எமக்கு அனுப்புங்கள். சரிபார்த்த பின் இவ்விதழில் வெளியிடுவோம்.